பெயர்த்தெழுதல்

பண்டைக் காலத்தில் நூல்கள் பனையோலையில் எழுதப்பெற்றன. ஓலைக்கும் வாழ்நாள் உண்டு. நம் நாட்டு வெப்பமும் ஈரமும் ஒருபுறம் வருத்த, செல்லும் இராமபாணப் பூச்சியும் மறுபுறம் அரிக்க, எத்துணை நல்ல ஏடும் சில நூற்றாண்டுகளில் இற்றுப்போகும். ஆதலின் பழைய ஏடு முற்றும் சிதைவதற்கு முன்னரே அதனைப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதி வைப்பர். பெயர்த்தெழுதிய பின்னரே பழைய ஏட்டினை ஆடிப் பதினெட்டாம் நாளில் ஆற்றுப் பெருக்கில் விடுவர். நாளடைவில் பெயர்த்தெழுதும் வழக்கம் தளர்ந்தது; ஆற்றில் விடும் வழக்கம் மட்டும் தளரவில்லை. அவ்வாறு வெள்ளத்தோடு சென்ற நூல்கள் எத்தனை என்பதை இனி எவராலும் கணக்கிட்டுக் கூற இயலாது.

மதுரைக்கு மேற்கே வைகையாற்றை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் தமிழாசிரியர் ஒருவர் வாழ்ந்து வருகிறார். பணியினின்று ஓய்வுபெற்று ஆண்டுகள் பல ஆயின. ஏடு ஆற்றோடு போன கதையை அவர் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வந்தவர். ஆயினும் அதே கதை தம் வீட்டில், தம் படிப்பறையின் மூலையில், துணியால் மூடிய பெட்டி ஒன்றினுள் நிகழ்ந்து கொண்டிருந்ததை அவர் நெடுநாள் உணரவில்லை. அப்பெட்டி ஒரு பழைய கணினி.

ஆசிரியர் பள்ளியிற் பணியாற்றிய நாளிலேயே சொல் தொகுக்கும் விருப்பம் அவருக்கு உண்டாயிற்று. விடுமுறை நாட்களில் மிதிவண்டியேறி அயலூர்களுக்குச் செல்வார். வேப்பமர நிழலிலும் கண்மாய்க் கரையிலும் அமர்ந்திருக்கும் முதியோரிடம் பேச்சுக் கொடுப்பார். கமலை பூட்டி நீர் இறைத்தவர்கள் அந்நாளில் உயிரோடு இருந்தனர். சால் யாது, அதன் அடியிற் கட்டிய தோலுக்குப் பெயர் யாது, வடக்கயிற்றுக்கும் வால்கயிற்றுக்கும் வேறுபாடு யாது என்று அவர் கேட்பார். கேட்டதைத் துண்டுத்தாளிற் குறித்துக்கொள்வார். மடை, கலுங்கு, மறுகால், நீர்ப்பாய்ச்சி எனக் கண்மாயைச் சூழ்ந்த சொற்கள் தனியாக ஒரு கட்டு ஆயின. மின்னாற்றலால் இயங்கும் நீரிறைப்பிகள் ஊர்தோறும் வந்தபின் கமலை மறைந்தது. கருவி மறையவே, அதன் உறுப்புகளின் பெயர்களும் அவற்றை வழங்கிய முதியோரோடு ஒவ்வொன்றாக விடைபெற்றுக் கொண்டிருந்தன. அகராதியில் ஏறாத சொல் நாவில் மட்டுமே வாழ்வது. நாவு ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்தது.

1999-ஆம் ஆண்டில் ஆசிரியர் ஒரு கணினி வாங்கினார். வாங்கினார் என்பது உண்மையே. ஆனால் அதனை இயக்கியவர் அவர் அல்லர். அவருடைய துணைவியார் இளமையில் தமிழ்த் தட்டச்சுப் பயின்று மேல்நிலைத் தேர்விலும் தேறியவர். திருமணத்திற்குப் பின் அக்கலைக்கு வேலையில்லாமற் போயிற்று. கணினியின் விசைப்பலகையைக் கண்டதும் அவ்வம்மையாரின் விரல்கள் பழைய பழக்கத்தை நினைவுகூர்ந்தன போலும். ஒவ்வொரு மாலையும் அடுக்களை வேலை முடிந்தபின் அவர் கணினிமுன் அமர்வார். ஆசிரியர் துண்டுத்தாளைப் பார்த்துப் படிப்பார், அம்மையார் தட்டச்சிடுவார். இவ்வாறு ஏறத்தாழ 4,000 சொற்கள் கணினியில் ஏறின. எழுதி முடித்த தாள்களைத் தகரப்பெட்டியில் இட்டுப் பரண்மேல் வைத்தனர். 2005-ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழையில் பரணில் நீர் ஒழுகிற்று. பெட்டியைத் திறந்தபோது உள்ளே தாள் இல்லை. தாள் இருந்த இடத்தில் சேறு போன்ற ஒன்று இருந்தது. அன்றுமுதல் அச்சொற்களுக்குக் கணினி ஒன்றே இருப்பிடம் ஆயிற்று.

கணினியில் எழுதுவனவெல்லாம் வன்தட்டில் தங்கும். ‘ஹார்டு டிஸ்க்’ என்றால் கடைக்காரருக்கு எளிதில் விளங்கும். அப்பழங்கணினியில் வன்தட்டுகள் மூன்று இருந்தன. முதலாவது, கணினியோடு வந்தது. விண்டோஸ் 98 என்னும் இயக்கமுறை அதில் இருந்தது. இரண்டாவது, இடம் போதாமையால் 2003-இல் சேர்க்கப்பட்டது. சொற்கோப்புகள் இதில் இருந்தன. மூன்றாவது, மகள் அனுப்பும் நிழற்படங்களைக் காண்பதற்காக 2008-இல் விண்டோஸ் எக்ஸ்.பி.யோடு பொருத்தப்பட்டது. ஆயினும் தமிழில் எழுதுவதற்கு அம்மையார் பழைய விண்டோஸ் 98-ஐயே நாடுவார். அவர் பழகிய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் புதிய முறையில் இயங்க மறுத்துவிட்டது.

2014-ஆம் ஆண்டில் அம்மையார் இயற்கை எய்தினார். ஆசிரியர் கணினியின்மேல் ஒரு துணியைப் போர்த்தினார். பின்னர் அதனை எவரும் எடுக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழிந்தன.

2023-ஆம் ஆண்டில் பழைய மாணவர் ஒருவர் தம் புதுமனை புகுவிழாவிற்கு அழைக்க வந்தார். மதுரையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். பள்ளியில் பயின்ற நாளில் இலக்கணப் பாடம் அவருக்கு எட்டிக்காயாகக் கசந்தது. புணர்ச்சி விதியில் பிழை செய்து பெஞ்சின்மேல் நின்ற நாட்கள் பல. பேச்சினிடையே அவருடைய கண் துணி போர்த்திய பெட்டியின்மேற் சென்றது.

“ஐயா, நாங்கள் படித்த காலத்தில் கமலைச் சொற்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவீர்களே, அவையெல்லாம் நூலாக வெளிவந்துவிட்டனவா?”

“இல்லை, தம்பி. அவை அதனுள் இருக்கின்றன” என்று ஆசிரியர் பெட்டியைச் சுட்டினார்.

“வேறு படி?”

“இல்லை.”

மாணவர் சிறிது நேரம் ஒன்றும் கூறவில்லை. ஆசிரியர் எழுந்து சென்று கணினியின் மின்பொத்தானை அழுத்தக் கைநீட்டினார். மாணவர் விரைந்து தடுத்தார். “வேண்டா, ஐயா. ஒன்பது ஆண்டு உறங்கிய பொறியைச் சட்டென எழுப்பலாகாது” என்றார்.

அவர் கூறிய காரணம் அறியத்தக்கது. வன்தட்டின் உள்ளே கண்ணாடிபோற் பளபளக்கும் வட்டத்தகடு நிமிடத்திற்கு 5,400 முறையோ அதனினும் மிகுதியாகவோ சுழலும். அதன்மேல் எழுத்தைப் படிக்கும் சிறுமுனை ஒன்று தகட்டைத் தொடாமல் மிதந்து செல்லும். முனைக்கும் தகட்டிற்கும் உள்ள இடைவெளி மயிரிழையின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இராது. ஒரு தூசு புகினும் தகட்டிற் கீறல் விழும்; கீறலுற்ற இடத்தின் எழுத்து மீளாது. மேலும், பழங்கணினிக்கு மின்னூட்டம் தரும் உறுப்பு கெட்டிருந்தால் அது தட்டுகளையும் உடன் கெடுக்கும். ஆதலின் தட்டுகளைக் கழற்றி எடுத்து, நலமாக உள்ள வேறு கணினியோடு இணைத்துப் படிப்பதே தக்கது. மாணவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சுபோல் தூசு படிந்திருந்தது. மின்தேக்கிகள் சில வயிறு உப்பி வெடிக்கும் நிலையில் இருந்தன. பொத்தானை அழுத்தியிருந்தால் யாது நேர்ந்திருக்கும் என்பதை அவர் விரித்துரைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாணவர் கருவிகளோடு வந்தார். மூன்று தட்டுகளும் நாற்பது ஊசி முனைகளைக் கொண்ட பழைய இணைப்பு வகையின. இக்காலக் கணினிகளில் அவ்வகைக்கு இடமில்லை. இடைநின்று இணைக்கும் சிறு கருவி ஒன்றை அவர் தேடிக் கொணர்ந்திருந்தார். முதலில் மூன்றாவது தட்டை இணைத்தார். அது நன்றாகச் சுழன்றது. ஆனால் கோப்புறையைத் திறக்க முயன்றபோது, ‘இதனைத் திறக்க உங்களுக்கு உரிமை இல்லை’ எனக் கணினி அறிவித்தது. ஆசிரியர் நகைத்து, “என் பேரப்பிள்ளைகளின் படத்தைப் பார்க்க எனக்கே உரிமை இல்லையா?” என்று வினவினார். பழைய கணினியில் இருந்த பயனர் வேறு, இக்கணினியின் பயனர் வேறு எனப் பொறி கருதுவதால் வரும் தடை அது. உரிமையை மாற்றிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆயின. படங்கள் யாவும் வந்து சேர்ந்தன.

இரண்டாவது தட்டும் இடர் தரவில்லை. கோப்புகளைப் படியெடுத்தபின் மாணவர் மற்றொன்றும் செய்தார். ஒவ்வொரு கோப்பிற்கும் அதன் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு நீண்ட எண் ஒன்றைப் பெறலாம். கோப்பில் ஓரெழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். மூலத்தின் எண்ணையும் படியின் எண்ணையும் அவர் ஒப்பிட்டார். யாவும் ஒத்தன. ஏடு எழுதுவோர் மூலத்தையும் படியையும் ஒருவர் படிக்க ஒருவர் கேட்டு ஒப்புநோக்குவர். அவ்வேலையைப் பொறி சில நொடிகளிற் செய்துவிட்டது.

முதல் தட்டை இணைத்தபோது ‘டக், டக்’ என ஒலி எழுந்தது. மாணவர் உடனே மின்னிணைப்பை நீக்கினார்.

“இது நோயுற்றுவிட்டது, ஐயா. நல்ல வேளையாக இதில் உங்கள் கோப்பு ஒன்றும் இல்லை. பழைய விண்டோஸ் மட்டுமே இருக்கிறது. இதனை விட்டுவிடலாம்” என்று கூறி, அதனை மேசையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார்.

பின்னர் அவர் சொற்கோப்பு ஒன்றைத் திறந்தார். திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும், தலையிற் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும், பொருளற்ற குறிகளும் வரிவரியாக நின்றன. அடுத்த கோப்பும் அவ்வாறே. எல்லாக் கோப்புகளும் அவ்வாறே. ஓரெழுத்தும் குறையாமல் வந்து சேர்ந்த செல்வம், ஓரெழுத்தும் படிக்க இயலாததாக இருந்தது.

இதன் காரணத்தை அறியச் சிறிது பின்னோக்கிச் செல்லவேண்டும். கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். அந்நாளைய எழுத்துருக்களில் எழுத்துக்கென இருந்த இடங்கள் 256. எந்த எண்ணுக்கு எந்தத் தமிழெழுத்து என்பதில் உடன்பாடு இல்லை. ஒவ்வோர் ஆக்குநரும் தம் விருப்பப்படி தமிழெழுத்துகளைக் குடியேற்றினர். ஆங்கில எழுத்துகள் இருந்த இடத்திலேயே குடியேற்றினோரும் உளர். ஒருவர் எழுத்துருவில் எழுதியதை மற்றொருவர் எழுத்துருவிற் படிக்க இயலாது. இக்குழப்பத்தைக் களைய 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடு முயன்றது. யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் தமிழுக்கு 1991-ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்திருந்தது; உலகின் மொழிகள் ஒன்றோடொன்று இடம் மோதாதபடி வகுத்த முறை அது. தமிழ்நாட்டு அரசு 2010-ஆம் ஆண்டில் அதனைத் தன் அலுவல்களுக்கு உரிய முறையாக ஏற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதப்பெற்றவை எத்தனையோ முறைகளில் சிதறிக் கிடக்கின்றன. பரவலாக வழங்கிய எழுத்துருக்களுக்கு மாற்றிகள் உண்டு. அம்மையார் எழுதிய எழுத்துருவோ சிறு நிறுவனம் ஒன்று ஆக்கியது. எந்த மாற்றிக்கும் அது பிடிபடவில்லை.

இவ்விடர் ஒரு சிற்றூர் ஆசிரியருக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்து நாட்டில் 1086-ஆம் ஆண்டில் நிலங்களையும் உடைமைகளையும் கணக்கெடுத்துத் தோலில் எழுதிய ஏடு ஒன்று உண்டு. டூம்ஸ்டே ஏடு என்பர். அதன் தொள்ளாயிரமாவது ஆண்டு நினைவாக 1986-இல் பி.பி.சி. நிறுவனத்தார் பள்ளி மாணவர் பல்லாயிரவரைக் கொண்டு தங்கள் ஊர்களைப் பற்றி எழுதச் செய்து, அவற்றை லேசர் வட்டுகளிற் பதித்தனர். பதினைந்து ஆண்டுகள் செல்வதற்குள் அவ்வட்டைப் படிக்கும் பொறிகள் அரியவாயின. 2002-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் லீட்ஸ், அமெரிக்காவின் மிச்சிகன் ஆகிய பல்கலைக்கழகங்களைச் சார்ந்தோர் பழம்பொறியைப் போல நடிக்கும் மென்பொருளை ஆக்கி அதனைப் படிக்கலாயினர். அத்துணை ஆண்டுகளும் தோல் ஏடு தன்பாட்டிற் படிக்கத்தக்கதாகவே இருந்தது.

மாணவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “எழுத்துரு இருந்தால் எந்த எண்ணில் எந்த எழுத்து என்று கண்டுவிடலாம், ஐயா. அதன் குறுவட்டு இருக்கிறதா?”

“அந்நாளில் கடைக்காரர் ஒருவர் நிறுவித் தந்தார். குறுவட்டு என்று ஒன்றும் தரவில்லை.”

“அப்படியாயின் அது விண்டோஸ் 98-இன் எழுத்துருக் கோப்புறையில்தான் இருக்கும்.”

இருவருடைய கண்களும் ஒருங்கே மேசையின் ஓரத்திற்குச் சென்றன. ‘விட்டுவிடலாம்’ என ஒதுக்கிய முதல் தட்டு அங்கே கிடந்தது. பூட்டு ஒரு தட்டிலும் திறவுகோல் மற்றொரு தட்டிலுமாக இருந்திருக்கின்றன!

நோயுற்ற தட்டைக் கையாளும் முறை வேறு. அது சுழலும் ஒவ்வொரு நிமிடமும் அதன் எஞ்சிய ஆயுளிற் கழியும். ஆதலின் கோப்புறைகளைத் திறந்து தேடிக் காலம் போக்கலாகாது. தட்டு முழுவதையும் முதலில் உள்ளவாறே படியெடுத்துவிட்டு, தேடுவதைப் படியில் தேடவேண்டும். அதற்கென டிடிரெஸ்கியூ என்னும் மென்பொருள் உண்டு. அது எளிதிற் படிக்கத்தக்க பகுதிகளை முதலில் விரைந்து எடுத்துக்கொள்ளும். இடர்தரும் பகுதிகளைக் குறித்துவைத்து இறுதியில் திரும்பத் திரும்ப முயலும். தேர்வெழுதும் மாணவர் தெரிந்த வினாவிற்கு முதலில் விடையெழுதுவது போன்றது அது. அண்டை வீட்டார் ஒருவர், தட்டைக் குளிர்ப்பெட்டியில் ஓரிரவு வைத்தாற் சரியாகும் எனக் கேள்வியுற்றதாகக் கூறினார். மாணவர் கைகூப்பி மறுத்தார். குளிரினின்று எடுத்ததும் உள்ளே நீர்த்துளி படியும் என்றார். இத்தகைய கைமருந்துகள் கணினிக்கும் உண்டு என்பது வியப்பே.

ஓரிரவு கழிந்தது. மறுநாள் இரவும் கழிந்தது. இடையிடையே தட்டு ஒலித்தது. இடையிடையே நிறுத்தி ஆறவைத்தனர். ஆசிரியர் உறங்கவில்லை. நோயாளியின் கட்டிலருகே அமர்ந்திருப்பவரைப் போல நாற்காலியில் அமர்ந்திருந்தார். மூன்றாம் நாள் விடியற்காலையில் சில சிறு பகுதிகள் தவிர ஏனைய யாவும் படியெடுக்கப்பட்டன. எழுத்துருக் கோப்புறை பழுதின்றி வந்திருந்தது. அதன்பின் அத்தட்டு மீண்டும் சுழலவே இல்லை.

எழுத்துருவை நிறுவியதும் திரையில் தமிழ் தோன்றிற்று. ஆசிரியர் முதல் வரியைப் படித்தார். பின்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மீண்டும் படித்தார்.

ஆயினும் வேலை முடிந்தபாடில்லை. அவ்வெழுத்துருவையே என்றும் நம்பியிருக்க இயலாது. யாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றவேண்டும். எந்த எண்ணில் எந்த எழுத்து உள்ளது என ஆசிரியர் அட்டவணை எழுதினார். மாணவர் அதனைக் கொண்டு மாற்றி ஒன்றை ஆக்கினார். இங்கே ஒரு சிக்கல் நேர்ந்தது. பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தோன்றும் முறையில் கொம்பு, ககரம், கால் என மூன்றாகப் பதிவாகியிருந்தது. ஒருங்குறியிலோ ககரமே முன்னிற்கும். உயிர்க்குறி அதன்பின் வரும். ‘கண்ணுக்கு முன்னே நிற்கும் கொம்பை ஏன் பின்னே வைத்தார்கள்?’ என மாணவர் குழம்பினார். ஆசிரியர் புன்னகை செய்து, “உயிர்மெய்யில் முதலில் ஒலிப்பது எது, தம்பி?” என்று கேட்டார். மாணவர் சற்றே எண்ணினார். “மெய், ஐயா. உயிர் பின்னே” என்றார். பெஞ்சின்மேல் நின்று கேட்ட பாடம் முப்பது ஆண்டுகளுக்குப் பின் கைகொடுத்தது.

ஔகாரமும் தொல்லை தந்தது. அவ்வெழுத்துருவில் ஔகாரக் குறியின் பிற்பகுதியும் ளகரமும் ஒன்றே. ஆகவே ‘வௌவால்’ என்பதும் ‘வெளி’ என்பதும் பொறிக்கு ஒரே வகையாகத் தோன்றின. ஒன்றைத் திருத்த ஆணையிட்டால் மற்றொன்று கெட்டது. ஓலையேடுகளிலும் இத்தகைய இடர் உண்டு. பழைய ஏடுகளில் மெய்க்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒரே கொம்பால் எழுதப்பட்டிருக்கும். படிப்பவர் சொல்லை அறிந்தாலன்றி எழுத்தை அறிய இயலாது. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் பட்ட பாடுகளுள் இதுவும் ஒன்று. இங்கும் அவ்வாறே சொல்லறிந்த ஆசிரியர் ஒவ்வோரிடமாக அமர்ந்து திருத்தினார்.

இனி, சொற்கோப்புகள் ஒன்றல்ல, பதினொன்று இருந்தன. ‘சொல்’, ‘சொல் புதிது’, ‘சொல் முடிவு’, ‘சொல் முடிவு இரண்டு’ என அவற்றின் பெயர்கள் அமைந்திருந்தன. முடிவு என்று பெயரிட்டபின்னும் இரண்டாவது முடிவு வந்திருப்பது கணினி பழகுவோர் யாவருக்கும் பொதுவான குறை. ஒரே தொகுப்பின் பல நிலைகள் அவை. நாளிற் பிந்தியதை வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்கிவிடலாம் என மாணவர் கூறினார். கோப்புகளின் நாட்களைப் பார்த்தபோது, ஒன்றின் நாள் மட்டும் 1980 ஜனவரி 1 என்றிருந்தது.

“1980-இல் இக்கணினியே பிறக்கவில்லை. இஃது ஏதோ பழுதுற்ற கோப்பு. முதலில் இதனை நீக்கலாம், ஐயா.”

“பொறு, தம்பி. நாளை நம்பாதே, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்.”

ஆசிரியர் அக்கோப்பைப் படிக்கத் தொடங்கினார். கலுங்கு என்னும் சொல்லின்கீழ், முதியவர் ஒருவரிடம் 2011-ஆம் ஆண்டு தைத் திங்களில் கேட்ட செய்தி ஒன்று குறிக்கப்பட்டிருந்தது. வேறெந்தக் கோப்பிலும் அச்செய்தி இல்லை. எனவே 1980 என்று நாள் காட்டிய கோப்பே யாவற்றிலும் பிந்தியது. மாணவருக்கு அப்போதே காரணம் விளங்கியது. கணினி அணைந்திருக்கும்போதும் நாள் காட்டியை இயக்குவது நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று. அது தீர்ந்துபோனால் கணினி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் காலம் 1980-இல் தொடங்குவதாகவே கருதும். பொறி இட்ட நாள் பொய்யாயிற்று. நூலின் அகச்சான்று மெய்யாயிற்று.

கோப்பின் இறுதிக்கு வந்தபோது ஆசிரியர் நின்றார். தாம் தொகுத்த சொற்கள் முடிந்தபின் ஒரு பக்கம் வெற்றிடமாக இருந்தது. அதன்பின் ‘அடுக்களை’ என்றொரு தலைப்பு. அதன்கீழ் 200-க்கு மேற்பட்ட சொற்கள். அவற்றுள் ஒன்றையும் அவர் சொல்லி எழுதச் செய்யவில்லை.

பிரிமணை, கொடியடுப்பு, குலுக்கை, சுளகு, சிப்பல், உறி எனச் சொற்கள் சென்றன. ஒவ்வொன்றின் எதிரேயும் பொருள், வழங்கும் ஊர், கேட்டவர் எனத் துண்டுத்தாள்களின் முறையே பின்பற்றப்பட்டிருந்தது. கேட்டவர் என்னுமிடத்தில் ‘அம்மா’, ‘பெரியம்மா’, ‘பால்காரப் பாட்டி’ என்று இருந்தது. தமக்கு நேரம் கிடைத்தபோதெல்லாம், அவர் உறங்கியபின்போ, ஊருக்குச் சென்றிருந்தபோதோ, அம்மையார் எழுதி வந்திருக்கிறார்.

ஆசிரியருக்கு ஓரிரவு நினைவிற்கு வந்தது. “குலுக்கை என்ற சொல் உங்கள் தொகுப்பில் உண்டா?” என்று அம்மையார் கேட்டதும், “அஃது எல்லோரும் அறிந்த சொல்தானே” எனக் கூறிவிட்டுத் தாம் விளக்கை அணைத்ததும் அவர் கண்முன் நின்றன. சொல் தேடி ஐம்பது ஊர்களுக்கு மிதிவண்டி மிதித்தவர், தம் வீட்டு அடுக்களையின் நிலைப்படியைத் தாண்டிச் சென்று கேட்டதில்லை. அவர் தொகுப்பில் வயலும் கண்மாயும் கமலையும் இருந்தன. உரலும் அடுப்பும் இல்லை. நெற்குதிராகிய குலுக்கையை இன்று எத்தனை வீடுகளிற் காணலாம்? அதனை எல்லோரும் அறிந்த காலம் எப்போதோ சென்றுவிட்டது.

மாணவர் நீர் அருந்தப்போவதாகக் கூறி வெளியே சென்று, நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

தொகுப்பு முழுவதும் திருத்தம் பெற்று ஒருங்குறியில் அமைய மூன்று திங்கள் ஆயின. ஒரு படி மாணவரின் கடையிலும், ஒரு படி கோயம்புத்தூரில் உள்ள மகளிடமும், ஒரு படி ஆசிரியரிடமும் இருக்கின்றன. தாளிலும் அச்சிட்டு ஊர் நூலகத்திற்குத் தந்துள்ளார். முகப்பேட்டில் தொகுத்தோர் பெயர்கள் இரண்டு உள்ளன. பழைய தட்டுகளை என்செய்வது என மாணவர் கேட்டதற்கு, “ஆடிப் பதினெட்டு வரட்டும், பார்க்கலாம்” என்று ஆசிரியர் விடையிறுத்தார். ஆடி வந்துபோயிற்று, தட்டுகள் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

அம்மையாரின் பட்டியலில் ஒன்பது சொற்களுக்கு எதிரே பொருள் எழுதப்படவில்லை. பின்னர் எழுதலாம் என விட்டிருப்பார். அவற்றுள் ஒன்று குந்தாணி. பேருரல் என அகராதி கூறும் பொருளை ஆசிரியர் அறிவார். ஆயினும் அதனை எழுதக் கை எழவில்லை. அம்மையாரின் தங்கையைத் தொலைபேசியில் அழைத்தார்.

“குந்தாணி என்றால் உங்கள் ஊரில் என்ன, அம்மா?”

மறுமுனையில் சிரிப்பொலி கேட்டது. “இது கூடவா தெரியாது, அத்தான்? குத்தும்போது நெல் சிதறாமலிருக்க உரலின் வாய்மேல் வைப்போமே, அடியில்லாத வளையம், அதுதான். அக்காவும் நானும் சிறுவயதில் அதற்குள் இறங்கி ஒளிந்து விளையாடுவோம்.”

ஆசிரியர் வெறுமையாக இருந்த இடத்தில் அப்பொருளை எழுதினார். கேட்டவர் என்னுமிடத்தில் ‘தங்கை’ என்று எழுதிவிட்டு, எஞ்சிய எட்டுச் சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார்.